சுடலைவடிவின் இடது கை

குமரகுருபரனுக்கு வேறு எதிலும் கர்வம் கிடையாது. பத்து வருஷமாக அதே சைக்கிள். வீட்டில் மனைவி அன்னத்தாய் சொல்வதுதான் சட்டம் என்பதை வெளியிலும் கூசாமல் ஒப்புக்கொள்வார். ஆனால் ஒரு தொழிலாளிக்குக் கையோ காலோ போய்விட்டால், அந்த வழக்கு எந்தத் தொகையில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வதில் தன்னை மிஞ்ச திருநெல்வேலிச் சீமையில் ஆள் இல்லை என்று நம்பினார். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவர் சம்பளம் வாங்கியதே அதற்குத்தான்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த இன்சூரன்ஸ் கிளை ஆபீசில் அவர் கிளெய்ம் பார்க்கிறவர். மில்லிலோ குவாரியிலோ ஒருவருக்குப் பெரிய காயம் பட்டால் பைல் அவர் மேஜைக்கு வரும். வழக்கு முடிந்து பணம் கைமாற ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். கம்பெனி அதுவரை சும்மா இருக்காது. இது இவ்வளவில் முடியும் என்று இன்றைக்கே ஒரு தொகையை எழுதி ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அதற்கு ரிசர்வ் என்று பெயர். கூட்டி எழுதினால் கிளையின் லாபம் குறைந்து மேனேஜர் முகம் கறுக்கும். குறைத்து எழுதினால் தீர்ப்பு வருகிற அன்று மெட்ராஸ் ஆபீசிலிருந்து வசவு வரும்.

இந்த வேலையைக் குமரகுருபரன் நாற்காலியை விட்டு எழாமலே செய்தார். சட்டப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு அட்டவணைகள் உண்டு. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கிற சக்தியில் எத்தனை சதவீதம் போகும் என்று ஒன்று சொல்லும். கட்டைவிரல் முப்பது, மணிக்கட்டோடு ஒரு கை அறுபது, இந்த மாதிரி. எந்த வயதுக்கு எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்லும்; வயது ஏற ஏற அந்த எண் இறங்கும். சம்பளம் தெரிந்தால் போதும். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, பைலின் வலது மூலையில் தொகையை எழுதி, கீழே ஒரு கோடு இழுப்பார். வேலை முடிந்தது.

ஆபீசை விட்டு இறங்கினாலும் இந்தப் புத்தி அவரை விடவில்லை. கல்யாண வீட்டில் எத்தனை இலை விழும், ஆனித் தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வரும், மாமியார் எத்தனை நாள் தங்குவார், எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பீடு வைத்திருப்பார். மாமியார் விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ரிசர்வ் போதாமல் போனது.

தீர்ப்பு வருகிற நாளில் அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் எழுதிய தொகைக்கும் தீர்ப்புக்கும் ஐநூறு ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் ஆபீசே சேர்ந்து அவருக்கு டீயும் ஆமவடையும் வாங்கித் தரும். ஐநூறைத் தாண்டினால் அவர் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். எட்டு வருஷமாக அவர் பையிலிருந்து ஒரு வடைக்குக் காசு போனதில்லை. டைப்பிஸ்ட் விஜயஸ்ரீதான் கணக்கு வைத்திருந்தாள்.

"சார், ஒரே ஒரு தடவ தோத்துக் காட்டுங்க. உங்க காசுல வடை எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்பாள்.

"அது இந்த ஜென்மத்துல நடக்காதும்மா" என்பார் இவர், அடுத்தவர் காசு வடையைக் கடித்துக்கொண்டே.

சுடலைவடிவின் பைல் வந்தது தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில். அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ஒரு அரிசி மில்லில், ஓடுகிற பெல்ட்டில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தொழில் கூலி. வயது நாற்பது. நாளுக்கு ஐம்பது ரூபாய், மாதம் ஆயிரத்து ஐநூறு. டாக்டர் சர்டிபிகேட் அறுபது சதவீதம். காப்பி ஆறுவதற்குள் தொகை வந்துவிட்டது: 99,452.

மேனேஜர் பாலசுப்பிரமணியன் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். கிளைக்கு இருந்த அதிகாரம் ஒரு லட்சம். அதற்கு மேல் ரிசர்வ் போட்டால் மெட்ராஸுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும்.

"லெச்சத்துக்குள்ள அடக்கிட்டீரே வே. உம்ம கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்றார். எந்த பைலைப் பார்த்து இதைச் சொன்னோம் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை சுடலைவடிவே படியேறி வந்தாள். ஒடிசலான உடம்பு, வெற்றிலைச் சிவப்பான வாய், வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"இங்கன கை காலுக்கு வெல போடுத சார் யாரு?" என்று கேட்டாள்.

விஜயஸ்ரீ குமரகுருபரன் பக்கம் விரலை நீட்டினாள். சுடலைவடிவு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் கைக்கு எம்புட்டு போட்டிருக்கிய?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா. ஆபீஸ் ரகசியம்."

"நீங்க சொல்லாண்டாம். நா சொல்லுதேன், சும்மா கேட்டுக்கிட்டு இருங்க." அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "லெச்சத்துக்கு ஒரு ஆயிரத்துக்குள்ள கொறையும்."

டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது. குமரகுருபரன் அவசரமாகப் பைலின் மேல் கையை வைத்து மறைத்தார். மறைத்ததே பதிலாகிவிட்டது.

"யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. நெல்லு யாவாரி அப்படித்தான் நிப்பான். நூறு சொல்ல மனசு வராது, தொண்ணூத்தொம்பதுல வந்து நிப்பான். நீங்களும் நா வரும்போதே கூலிக்காரியப் பாக்க மாதிரிதான் பாத்திய."

"பைல்ல கூலின்னுதானம்மா இருக்கு."

"பைல எழுதுனவன் மில்லுக்குள்ள வந்தானா? நா நெல்லு பாக்கவ சார்."

பிறகு அவளே விளக்கினாள். மில்லுக்கு நெல் மூட்டை வந்து இறங்கினால், இவள் வலது கையை முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். கட்டைவிரலால் தேய்ப்பாள், ஒரு மணியைக் கடிப்பாள், இந்த மூட்டையை அரைத்தால் இத்தனை கிலோ அரிசி தேறும் என்று சொல்வாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் முதலாளி விலை பேசுவார். பதினாறு வருஷத்தில் அரைக் கிலோவுக்கு மேல் தவறியது கிடையாது.

குமரகுருபரன் பைலிலிருந்து கையை எடுத்தார். தன்னுடைய தொழிலையே ஒருத்தி இருபது மைல் தள்ளி வேறு சாக்கில் கையை விட்டுச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதுவும் தவறாமல். பாராட்டும் பொறாமையும் சேர்ந்தே வந்தன.

"மத்த பொம்பளையளுக்கு நாளுக்கு முப்பது ரூவா. எனக்கு அம்பது" என்றாள் அவள். "ஏன்னு கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலயா?"

தோன்றவில்லை. எண்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன், ஐம்பதைப் பார்த்தார், ஆயிரத்து ஐநூறாகப் பெருக்கினார், அத்தோடு போய்விட்டார்.

"அந்த மில்லுல இனி எனக்கு வேல இல்ல. எங்க ஊருல ஒரு மாவு மில்லு போடலாம்னு இருக்கேன். மோட்டாரு, கரெண்டு, எல்லாம் சேத்து லெச்சத்து நாப்பதாயிரம் ஆவுமாம். கையத் தின்ன பெல்ட்டு இனி எனக்குச் சோறு போடட்டும். நீங்க போட்டதுல முக்கா மில்லுதான் வரும்." எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தாள். "கூலின்னு இருக்கத அழிச்சிருங்க சார். காசு கெடக்கு, அந்தப் பேரு எனக்கு ஆகல."

அன்று பூராவும் குமரகுருபரனுக்கு வேலை ஓடவில்லை. அட்டவணை சொல்வது கையின் சதவீதம். ஆனால் செய்துகொண்டிருந்த வேலையையே இனிச் செய்ய முடியாது என்று ஆனால், வழக்கை விசாரிக்கிற நஷ்டஈட்டு ஆணையர் அறுபதை விட்டு நூறுக்கும் போகலாம். அப்படிப் போனால் தொகை 1,65,753. ரிசர்வை விட அறுபத்தாறாயிரம் அதிகம். ரிசர்வைத் தாண்டிய தீர்ப்பை மெட்ராஸ் சும்மா விடாது, ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகச் சொல்லும். பணம் ஐந்தாறு வருஷம் கோர்ட்டில் தூங்கும். அதற்குள் சுடலைவடிவின் மாவு மில் கனவில்தான் அரைக்கும்.

அவள்மேல் வந்த இரக்கத்தால் அவர் கிளம்பினார் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. எட்டு வருஷச் சாதனை கண்முன்னால் சரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவரை நாற்காலியை விட்டு எழுப்பியது.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருதேன் சார்" என்று மேனேஜரிடம் போய் நின்றார்.

பாலசுப்பிரமணியன் யோசித்தார். "நல்லதுதான் வே. இடது கை இருக்குல்லா? அதால நெல்லப் பாக்க முடியுதான்னு பாரும். பாத்தாள்னா, பாத்தாள்னு எழுதிட்டு வாரும். நம்ம வக்கீல் அத ஆணையர்ட்ட காட்டுவாரு. அறுபதுக்கு மேல ஒரு சல்லி ஏறாது."

புதன்கிழமை காலையில் ஜங்ஷனில் பஸ் ஏறினார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வழி நெடுகப் பிசானப் பருவ நெல் அறுவடை. ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் டிரைவர் யாரையோ வைதார்.

மில் வாசலில் மூட்டைகள் மலையாகக் கிடந்தன. முதலாளி சுவிசேஷமுத்து அண்ணாச்சி எழுந்து வந்து கும்பிட்டு, காப்பி வரவழைத்தார். பைலில் கூலி என்று ஏன் போட்டார்கள் என்று குமரகுருபரன் கேட்டதற்கு, "ஏஜெண்டு பாரத்துல நெல்லு பாக்கவன்னு ஒரு கட்டம் இல்ல சார். கூலின்னு ஒரு கட்டம் இருந்துச்சு" என்றார். சொல்லி அனுப்பியிருந்ததால் சுடலைவடிவும் வந்து ஓரமாக நின்றிருந்தாள்.

குமரகுருபரன் பென்சிலை எடுத்துக்கொண்டார். "இடது கையால நெல்லு பாக்க முடியுமாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "முடியாது சார்" என்றாள். அவளுடைய வக்கீல் சொல்லிக்கொடுத்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

அப்போது வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. மாரிக்கண்ணு என்கிற சம்சாரி, தன் வயலில் அந்த வருஷம் விளைந்த முதல் நெல்லைக் கொண்டுவந்திருந்தார். சுடலைவடிவுக்குப் பதிலாக வந்திருந்த புது ஆள், மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்து விழுந்த நாலு மணியைப் பார்த்தான்.

"அம்பது கிலோ தேறும் மொதலாளி" என்றான்.

சுவிசேஷமுத்து அண்ணாச்சி எழுதப் பேனாவை எடுத்தார். குமரகுருபரன் தற்செயலாகச் சுடலைவடிவைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரியான எண் தொண்டையில் வந்து முட்ட, தப்பான எண்ணை இன்னொருத்தன் உரக்கச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற வேதனை அது. அந்த வேதனை என்னவென்று அந்த மில்லில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். இடது கை முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் போனது. ஒரு பிடி எடுத்தாள், தேய்த்தாள், ஒரு மணியைக் கடித்தாள்.

"நாப்பத்தாறர. மேலதான் காய்ச்சல், அடியில ஈரம்."

மாரிக்கண்ணு பதறிப்போனார். "ஏ தாயி, பீச்சாங்கைய வெளிய எடு. வருசத்து மொத நெல்லு, சீதேவி இருக்க எடம். இப்படிப் பண்ணிட்டியே" என்று மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்துச் சுருட்டினார். அவள் கடித்துத் துப்பிய உமியைக்கூடக் காலால் தள்ளிவிட்டார்.

அந்த ஒரு மூட்டையை மட்டும் அரைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார் குமரகுருபரன். இன்சூரன்ஸ்காரர் கேட்கிறாரே என்று அண்ணாச்சியும் பச்சரிசியாக அரைக்கச் சொன்னார். தராசில் வைத்தார்கள். நாற்பத்தாறு கிலோ எழுநூறு.

குமரகுருபரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வித்தை அப்படியே இருக்கிறது. இடது கை வேலை செய்கிறது. 99,452 பிழைத்தது, எட்டு வருஷமும் பிழைத்தது. குறிப்பு நோட்டில் எழுதினார்: இடது கையால் நெல் பார்க்க முடிகிறது, நேரில் கண்டேன்.

பென்சில் ஓடுவதையே சுடலைவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிட்டியளா?"

"எழுதிட்டேம்மா. பாத்தத எழுதணும்லா."

"எழுதுங்க. வக்கீலு தலையில அடிச்சுக்கிடுவாரு. ஆனா அந்தப் பய அம்பதுன்னு சொல்லும்போது என்னால சும்மா நிக்க முடியல சார்."

சொல்லிவிட்டு, சாக்கில் வந்து விழுந்திருந்த அரிசியில் இடது கையால் ஒரு பிடி அள்ளினாள். இன்னும் சூடு ஆறாத அரிசி. கையை அவருக்கு நேரே நீட்டினாள்.

"புது அரிசி. ஒரு வாய் போட்டுப் பாருங்க."

குமரகுருபரனின் வலது கை மேலே எழுந்தது. நெஞ்சுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பி.காம். படித்த கை, இன்சூரன்ஸ் பரீட்சை பாஸ் பண்ணிய கை, எத்தனையோ பேருடைய கைக்குச் சதவீதம் எழுதிய கை. சின்ன வயதில் இடது கையால் எதையோ நீட்டியதற்கு அப்பா புறங்கையில் வைத்த அடி இந்தக் கைக்கும் இன்னும் மறக்கவில்லை.

"இருக்கட்டும்மா. இப்பதான் காப்பி குடிச்சேன்" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. அண்ணாச்சி மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தார். மாரிக்கண்ணு மட்டும், நல்ல இடத்துப் பிள்ளை என்கிற மாதிரி இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் குமரகுருபரனைச் சுட்டது.

"கை இருக்கு சார்" என்றாள் சுடலைவடிவு. குரலில் கோபம் இல்லை. "அத உள்ள விட ஒரு மூட்ட கெடையாது. ஒங்களுக்கே வாங்க வரல பாத்தியளா. அதையும் எழுதிக்கிடுங்க. பாத்தத எழுதணும்லா."

அரிசியைச் சாக்கிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சுவிசேஷமுத்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எனக்கு எங்க வேதத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கை ஆறுனதும் மாசிப் பொறப்புல ஒரு வாரம் வேலைக்கு வச்சுத்தான் பாத்தேன். ஒம்பது வண்டி கேட்டோட திரும்பிப் போச்சு. சம்சாரிமாரு ஒருத்தரும் மூட்டய அவுக்க மாட்டேங்காக. நா என்ன செய்ய?"

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் குமரகுருபரன் வெளியே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. எட்டு வருஷமாக எத்தனை பைலில் அறுபது, முப்பது, நாற்பது என்று எழுதியிருப்பார். மீதி எங்கே போகும், அதை யார் கூலி கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சட்டம் கேட்பது வித்தை போயிற்றா என்று அல்ல, சம்பாதிக்கிற சக்தி போயிற்றா என்று. அட்டவணையைப் பெருக்கிப் பெருக்கி அவருக்கு அந்த வரியே மறந்துபோயிருந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் மடியிலிருந்த பைலை எடுத்து, வலது மூலையில் இருந்ததை அழித்தார். பஸ் குலுங்கியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

இனி எழுதுவதில் ஒரு ஆபத்து இருந்தது. ஆணையர் அறுபதோடு நின்றுவிட்டால் இவர் அறுபத்தாறாயிரம் தள்ளி நிற்பார். ஊர் சிரிக்கும். ஒரு நிமிஷம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு 1,65,753 என்று எழுதி, கீழே கோடு இழுத்தார்.

அறிக்கையை மறுநாள் விஜயஸ்ரீயிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். நடுவில் அவள் கை நின்றது.

"சார், இந்த வரியையும் அடிக்கணுமா?"

அந்த வரி இப்படி இருந்தது: இந்த அறிக்கையில் கையெழுத்திடும் நானே, அவர் இடது கையால் கொடுத்த அரிசியை வாங்கவில்லை.

"அடிம்மா. அதுதான் முக்கியம்."

மேனேஜர் அதை வெள்ளிக்கிழமை காலையில் படித்தார். படிக்கப் படிக்க மூக்குக் கண்ணாடி கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

"என்னவே இது. நெல்லு பாக்க முடியுதுன்னு நீரே எழுதிட்டு, நூறு சதவீதமும் போடுதீரு. வருஷக் கடைசியில லெச்சத்தி அறுபத்தஞ்சு. பீச்சாங்கை ராசியில்லன்னு மெட்ராஸுக்கு எழுதவா? படிச்சவன் எழுதுத காரியமா இது?"

குமரகுருபரன் வாதாடவில்லை. காலையில் நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இடது உள்ளங்கையில் வைத்து மேனேஜருக்கு நேரே நீட்டினார்.

"சார், பிரசாதம்."

பாலசுப்பிரமணியனின் கை பழக்கத்தில் வேகமாக எழுந்து, பாதியில் நின்றது. நெற்றி சுருங்கியது.

"உமக்குப் புத்தி பெசகிட்டா வே? வலது கையால குடும்."

"வலது கை இல்லன்னு வச்சுக்கிடுங்க சார். மீதி நாப்பது சதவீதம் இந்தா இருக்கு. வாங்கிக்கிடுங்க."

மேனேஜர் அந்தத் திருநீற்றைப் பார்த்தார். பிறகு பாதியில் நின்ற தன் கையைப் பார்த்தார். மின்விசிறி காற்றில் திருநீறு கொஞ்சம் பறந்து ரிசர்வ் பட்டியலின் மேல் விழுந்தது.

"மெட்ராஸ்காரன் கேட்டா நா என்னத்தச் சொல்ல?" என்றார் கடைசியில்.

"அவங்களுக்கும் ரெண்டு கை உண்டும்லா சார். நீட்டிப் பாக்கச் சொல்லுங்க."

பாலசுப்பிரமணியன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இப்பவாவது வலது கையால குடும் வே, நேரமாவுது" என்று நெற்றியைக் காட்டினார்.

தீர்ப்பு மே மாதம் வந்தது. கம்பெனி வக்கீல் மேனேஜர் கையெழுத்தோடு போன அந்த அறிக்கையைத்தான் ஆணையர் முன்னால் வைக்க வேண்டியிருந்தது. வைத்தார். குமரகுருபரன் அரிசி வாங்காமல் நின்ற இடத்தை ஆணையர் இரண்டு தடவை படித்ததாகக் கேள்வி. நூறு சதவீதம் என்று எழுதினார்.

ஆபீசில் எல்லோரும் கூடி நிற்க, விஜயஸ்ரீ தொகையை வாசித்தாள். 1,63,233. இரண்டு தடவை கழித்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டாயிரத்து ஐநூத்தி இருவது வித்தியாசம் சார்."

குமரகுருபரன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். சம்பளம் சரி, சதவீதம் சரி. வயது நாற்பத்தொன்று. பைலில் நாற்பது என்றிருந்ததை ஆணையர் கேட்டபோது, அது பழைய ரேஷன் கார்டு கணக்கு, கை போன அன்று நாற்பத்தொன்று முடிந்துவிட்டது என்று சுடலைவடிவே எழுந்து திருத்திச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வயதுக்குத்தான் அத்தனை ரூபாய் குறைந்திருக்கிறது, அதுவும் அவளுடைய பணத்தில். தீர்ப்பு ரிசர்வுக்குள் அடங்கிவிட்டதால் மெட்ராஸ் அப்பீல் என்ற பேச்சை எடுக்கவில்லை. எட்டு வருஷச் சாதனை மட்டும் போயிற்று.

அவர் தன் பையிலிருந்து காசெடுத்துக் கொடுத்து வடை வாங்கிவரச் சொன்னார். விஜயஸ்ரீ அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். எட்டு வருஷம் காத்திருந்ததற்கு உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

அந்த நேரத்தில்தான், ஆணையர் ஆபீசில் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு சுடலைவடிவு மாடியேறி வந்தாள். மாவு மில்லுக்கு மோட்டார் பார்க்கப் போகிற வழியாம்.

"ஒரு வயச ஏம்மா கூட்டிச் சொன்னீய?" என்று குமரகுருபரன் ஆற்றாமையோடு கேட்டார். "ரெண்டாயிரத்து ஐநூறு போச்சே. என் ரெக்கார்டும் போச்சு."

"தப்பா ஒண்ண வாசிக்காக. கேட்டுக்கிட்டு எப்படி சார் சும்மா நிக்க?"

குமரகுருபரன் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவளையும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் தட்டிலிருந்து இடது கையால் ஒன்றை எடுத்தாள். தான் கடிக்காமல் அவருக்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க."

விஜயஸ்ரீ மெல்லுவதை நிறுத்தினாள். குமரகுருபரனின் வலது கை எழுந்தது. நெஞ்சுக்கு நேராக வந்ததும் லேசாகத் தயங்கியது. பிறகு போய் வடையை வாங்கிக்கொண்டது. வாங்கிய வேகத்தில் ஒரு பெரிய கடியாகக் கடித்தார். தயங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

பதினாறு வருஷம் நெல் பார்த்தவள் பார்க்காமல் இருப்பாளா? அவள் தலையைச் சாய்த்து, மூட்டையைக் கணிக்கிற மாதிரி அவரைக் கணித்தாள்.

"மில்லுல கை நின்ன நிப்புக்கு, இப்ப கூச்சம் அறுபது சதவீதம் கொறஞ்சிருக்கு சார்" என்றாள். "மிச்சம் நாப்பது அப்படியேதான் இருக்கு."

வாய் நிறைய வடையோடு குமரகுருபரன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது.